மாதையன் கையில் இருந்த எண்ணெய்

தம்பி,

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும்போதே, "உங்க மவனுக்கு என்னாங்க இவ்ளோ கோவம்?" என்று கேட்டார். கார்டில் எழுதினால் ஊரே படிக்கும் என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை உன் அக்கா மகளுடைய பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து நானே எழுதுகிறேன். "நீ சொல்லு ஆயா, நான் எழுதறேன்" என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரட்டிவிட்டேன். இதில் இருப்பது அவள் வாயில் நிற்காது. நாலாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும், நிதானமாகப் படி. சோற்றுப் பசை வைத்து ஒட்டி, பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் வருகிற உன் பெரியப்பா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டின இடம் பிரிந்திருந்தால் அவனிடம் எதுவும் கேட்காதே, எனக்குச் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீ எழுதியதைத் திரும்பவும் எழுதுகிறேன், மறந்துவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது. உன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சடுகுடுவில் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இண்டூர் மைதானத்தில் இண்டூர்ப் பையன்களோடு பந்தயம். அம்பயராக வருகிறவன் மாதையன். "அந்தத் திருட்டுப்பய விசில் ஊதற எடத்துல எம் பசங்க கால் வெக்க மாட்டாங்க. ஆட்டத்துக்கு முன்னாடி பசங்க கையி காலெல்லாம் தடவிப் பாக்கறானாம், எதப் பூசறதுக்கோ. வரலைன்னு எழுதிக் குடுத்துடப் போறேன். நீ சொன்னதுதான்மா, அவன நம்பக் கூடாதுன்னு." இவ்வளவுதான் கார்டில் இருந்தது. கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது உன் மேல்தான். போன மாதம் இதே இண்டூர்ப் பையன்களிடம் உன் பையன்கள் படுதோல்வி அடைந்தார்கள் என்று எனக்குத் தெரியும், நீ சொல்லாவிட்டாலும் தெரியும். திரும்பவும் தோற்பதை விட, அம்பயர் சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவது சுலபம். டிரில் மாஸ்டரான உன் பெயரும் கெடாது. இப்படி நினைத்துவிட்டாளே அம்மா என்று கோபப்படாதே. நான் உன்னைப் பெற்றவள். உன் மேல் சந்தேகப்பட எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் நடுச்சாமத்தில் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போடுகிற பழக்கம் உங்கப்பாவுக்கு இருந்ததே, அந்த மாதிரி என்னையும் அந்த நேரத்தில் ஒரு யோசனை எழுப்பிவிட்டது. நீ தோல்விக்குப் பயந்து எழுதியிருக்கலாம். ஆனால் பயப்படுகிறவன் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டுமே, அந்தச் சுவரைக் கட்டிக் கொடுத்தது நான். மாதையனை நம்பாதே என்று பதினாலு வருஷமாகச் சோறு போடும்போதெல்லாம் சொல்லி வளர்த்தேன். அந்தப் பதினாலு வருஷத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன்.

நீ எட்டாவது படித்த வருஷம் அது. அப்போது நமக்குச் சேலம் ஜில்லா. அதற்கு முந்தின வருஷம் இண்டூர்ப் பையன்கள் நம் ஊருக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள். சடுகுடு பாடி வந்த அவர்கள் பையன் ஒருத்தனை நம் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து காலைப் பிடித்தும் நழுவிக் கோட்டைத் தொட்டான். கால் ஈரமான விலாங்கு மாதிரி வந்தது என்று நீதான் வீட்டில் வந்து சொன்னாய். நீ அதோடு மறந்துவிட்டு விளையாடப் போய்விட்டாய். நான் மறக்கவில்லை. எண்ணெய்தான் என்று முடிவு கட்டினேன். இன்றைக்கும் அந்தச் சந்தேகம் எனக்குப் போகவில்லை. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் நல்ல ஆட்டக்காரனாகவும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அன்றைக்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாதையனின் அம்மா பாப்பாத்தியும் நானும் ஒரே ஊரில் பிறந்தவர்கள். அவளை இண்டூரில் கொடுத்தார்கள், என்னை இங்கே கொடுத்தார்கள். அவள் தங்கை கல்யாணத்தில் பந்தி கவனித்தது அவள்தான். எனக்கு முன்னால் இருந்த இலைக்குப் பாயசம் ஊற்றினாள், எனக்குப் பின்னால் இருந்த இலைக்கும் ஊற்றினாள், என் இலையைத் தாண்டிப் போய்விட்டாள். கேட்டால் தெரியாமல் நடந்தது என்பாள். ஆறு இலைக்கு முன்னாலேயே என்னைப் பார்த்துச் சிரித்தவளுக்கு என் இலை எப்படித் தெரியாமல் போகும்? இது உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். பையன்கள் விளையாடுகிற கோட்டுக்கு வெளியே நிற்கிற பெரியவர்களைப் பார். பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் இல்லை. ஒருத்தனுக்கு வாய்க்கால் தகராறு, ஒருத்தனுக்குப் பெண் கொடுக்காத கோபம், எனக்குப் பாயசம். அத்தனையையும் பையன்கள் முதுகில் ஏற்றிவிட்டு, "புடிடா, வுடாதடா" என்று கத்துகிறோம்.

அந்த வருஷப் பந்தயம் ஒரு சனிக்கிழமை காலையில், இண்டூர் மைதானத்தில். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் வீட்டு வழக்கம், அதனால் உனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. விடியும் முன்னால் உன்னை எழுப்பி உட்கார வைத்தேன். நல்லெண்ணெயில் விளக்கெண்ணெய் கொஞ்சம் சேர்த்துக் காய்ச்சி, உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பூசினேன். தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் போக அரப்புத் தூள் போட்டுத் தேய்த்து விட்டேன். முழங்காலுக்குக் கீழே போடவில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றி, மினுமினுப்புத் தெரியாமல் என் பழைய சேலையால் அழுத்தித் துடைத்து விட்டேன். "காலுக்கு அரப்பு போடலியாம்மா?" என்று நீ கேட்டாய். "நேரமாவுது, வண்டி கட்டியாச்சு" என்றேன். மறதி என்று நினைக்காதே. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அவர்கள் பூசிக்கொண்டு வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக நானே பூசினேன். உன்னிடம் சொல்லாமல், உன் காலில்.

முதல் பாதியில் ஒன்றும் தெரியவில்லை. உடம்பு காய்ந்திருந்தது. வெயில் ஏறி வேர்வை வந்ததும்தான் எண்ணெய் மேலே வந்தது. நீ பாடிப் போனாய். இண்டூர்ப் பக்கம் ஆடிய மாதையன் உன் கணுக்காலைப் பிடித்தான், நழுவியது. அடுத்த தடவையும் அவன்தான் பிடித்தான், நழுவியது. மூன்றாவது தடவை விழுந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான், அப்போதும் நீ வந்துவிட்டாய். அவன் எழுந்து உள்ளங்கையைப் பார்த்தான். "சார், இவன் கால்ல எண்ணெய் இருக்குதுங்க சார்" என்றான். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அவனுக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அம்பயராக வந்தவர் வெளியூர் வாத்தியார். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து உன் ஆடுசதையில் வைத்து அழுத்தி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வடை வைத்த காகிதம் மாதிரி வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிந்தது. "என்னடா இது?" என்றார். "நான் பூசலீங்க சார்" என்றாய். நீ சொன்னது முழு உண்மை. அந்த இடத்தில் ஒரு அம்மா என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள்ளே போனேன்.

"ஏனுங்க வாத்தியாரே, எண்ணெயோட வந்திருந்தா மொத ஆட்டத்துலயே வழுக்கியிருக்காதா? இந்தப் பையன் புடிச்சப்பறம்தானே வழுக்குது! மூணு தடவையும் இவன் ஒருத்தன்தானே புடிச்சான்! கையில தடவிக்கிட்டு வந்து எம் புள்ள கால்ல பூசிப்புட்டு, எம் புள்ளயவே திருடன்னு சொல்றான். அவன் கையப் பாருங்க!"

வாத்தியார் இன்னொரு தாளைக் கிழித்தார். மாதையன் தயங்காமல் இரண்டு கையையும் நீட்டினான். கையில் எண்ணெய் இல்லாமல் எப்படி இருக்கும்? மூன்று தடவை உன் காலைப் பிடித்த கை அது. அந்தத் தாளிலும் வெளிச்சம் தெரிந்தது. நம் ஊர்ச் சனம் ஓவென்று கத்தியது. "நானில்லீங்க, நானில்லீங்க" என்று அந்தப் பையன் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துச் சொன்னான். அவனை வெளியே அனுப்பினார்கள். ஆறு பேரோடு ஆடிய இண்டூர் தோற்றது. உனக்கு ஒரு பித்தளை டம்ளர் கொடுத்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாப்பாத்தி தலைகுனிந்து நின்றாள். பாயசம் என் இலைக்கு வந்து சேர்ந்தது மாதிரி எனக்கு இருந்தது. அவ்வளவு கேவலமான சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

வண்டியில் திரும்பும்போது பையன்கள் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தீர்கள். உங்கப்பா மாட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார், "கால்ல அரப்பு போட்டியா?" போட்டேன் என்றேன். "சரி" என்றார். அப்புறம் சாகிறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எந்தப் பந்தயத்துக்கும் வரவும் இல்லை. வேலை இருக்கிறது என்பார். நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன். எல்லார் மேலும் சந்தேகப்பட்ட நான், என் மேல் ஒருத்தர் சந்தேகப்பட்டபோது பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

உன் கார்டு வந்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன். வியாழக்கிழமை பஸ் ஏறி இண்டூருக்குப் போனேன். பாப்பாத்தி வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, கை மட்டும் அப்படியே வேகமாக ஓடுகிறது.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

"தெரியுது. தெரிஞ்சுதான் யாருன்னு கேட்டேன். உக்காருங்க."

அந்த 'ங்க' எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஊரில் பிறந்து, ஒரே கிணற்றில் குதித்து நீந்தியவர்கள் நாங்கள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் உடனே குடிக்கவில்லை. எந்தச் சொம்பு, வீட்டுச் சொம்பா மாட்டுக்காரனுக்குக் கொடுக்கிற சொம்பா என்று பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். "நல்ல சொம்புதான், குடிங்க" என்றாள்.

குடித்துவிட்டுச் சொன்னேன். எண்ணெய் காய்ச்சியது, அரப்பு போடாமல் விட்டது, மைதானத்தில் கத்தியது, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் ஒரு கைப்பிடி உரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"ரெண்டாவது பேப்பர அந்த வாத்தியாரு வெய்யில்ல காட்டுனாரே, அத நானும் பாத்தேன். எம் புள்ளதான் பண்ணிட்டான்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்து புளிய வெளாறு எடுத்து அடிச்சேன். நான் பூசலம்மான்னு அழுதான். பண்ணதுமில்லாம பொய் வேற சொல்றியான்னு, அதுக்குத் தனியா அடிச்சேன். நீ கத்துனத நம்பினேன் புள்ள. வயித்துல பொறந்தவன் சொன்னத நம்பல."

பாயசத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கேட்கவில்லை.

"ஆறு வருசம் அந்த மைதானம் பக்கமே அவன் போவல" என்றாள். "அப்பறம் விசிலத் தூக்கிக்கிட்டுப் போனான். இப்ப ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பதினாலு பசங்க கையி காலையும் பேப்பர வெச்சுப் பாத்துடறான். ஏன்டா இந்தக் கிறுக்குன்னு கேட்டேன். மொதல்லயே பாத்துட்டா அப்பறம் வெளிய நிக்கறவங்க எந்தப் புள்ளயையும் ஒண்ணும் சொல்ல முடியாதில்லம்மா அப்படீன்னான்."

இதைத்தான் தம்பி, எதையோ பூசுகிறான் என்று நீ கார்டில் எழுதியிருந்தாய். உன் மேல் தப்பில்லை. எந்தக் கையைப் பார்த்தாலும் அதில் எண்ணெய் இருக்கும் என்று நினைக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். அவனுக்கு நடந்தது உனக்கு நடந்திருந்தால், நீ விசில் எடுத்திருப்பாயா தடி எடுத்திருப்பாயா என்று யோசித்துப் பார்த்தேன். என் வளர்ப்பை வைத்துப் பார்த்தால் தடிதான் என்று தோன்றியது. அது எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும், நீயும் கோட்டுக்கு வெளியே நிற்பாய். அப்போதுதான் புத்தி வரும் என்று காத்திருக்காதே. இப்போதே உன்னை நம்பி ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையனைப் பற்றிப் பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய், ஒரே மூச்சில் இரண்டு பேரைத் தொட்டு வருவான் என்று. மாஸ்டர் ஒருத்தர் மேல் கோபமாக இருப்பதற்காக அவன் ஏன் ஆடாமல் இருக்க வேண்டும்? அவனுக்கு மாதையனையும் தெரியாது, என்னையும் தெரியாது. நீ வரவில்லை என்று எழுதிக் கொடுத்தால், உன் பையன்களுக்கு நீ சொல்லப் போகிற காரணம் நான் பதினாலு வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய். அதை ஏழு பேர் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அவர்கள் சாப்பிடும்போதும் ஒருத்தி அதையே சொல்லுவாள்.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இண்டூர்க்காரர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் முழுதாக நம்பிக்கை இல்லை. மாதையனையும் எனக்குத் தெரியாது, அவன் அம்மா சொன்னது மட்டும்தான் தெரியும், எந்த அம்மாவும் தன் மகனைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மை தெரிந்த பிறகு அவனுக்குக் கோபம் வந்து, உன் பையன்களுக்கு எதிராக ஒன்றிரண்டு தடவை விசில் ஊதினாலும் ஊதுவான். ஊதமாட்டான் என்று உனக்கு நான் உறுதி கொடுக்க முடியாது. ஊதினால் வாயை மூடிக்கொண்டு ஆடச் சொல். தோற்றால் தோற்றுவிட்டு, எதிர்ப் பையன்களுக்குக் கை கொடுத்துவிட்டு வரச் சொல். அவர்கள் கையைப் பிடித்த பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்றும் சொல்.

பாப்பாத்தி என்னைச் சும்மா அனுப்பவில்லை. நான் எழுந்திருக்கும்போது, "எம் புள்ளகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "இல்ல, ஒங்கிட்ட சொன்னா போதும்னு வந்தேன்" என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அன்னிக்கு எங்கிட்டயா கத்துன? ஊருகிட்ட கத்துன. மைதானத்துல நின்னு கத்துன. வூட்டுக்குள்ள வந்து முணுமுணுத்துட்டு பஸ் ஏறிட்டா ஆச்சா?" வயதான காலத்தில் என்னை வாயடைக்க வைத்தவள் என்று இதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் அவள் சொன்னதுதான் நியாயம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் இண்டூர் மைதானத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கத்தின அதே நடுக்கோட்டில் நின்று சொல்லப் போகிறேன். நீ உன் பையன்களைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்றால் பந்தயம் நடக்காது, சனம் சேராது, காலி மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர எனக்கு மனசில்லை. இன்னொரு வாய்ப்புக்குக் காத்திருக்க வயதும் இல்லை. ஆகையால் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு வா. கொஞ்சம் முன்னதாகவே வந்து, விசில் ஊதுவதற்கு முன்னால் எங்கம்மா பேச வேண்டும், கொஞ்ச நேரம் கொடு என்று மாதையனிடம் நீ போய்க் கேள். நான் கேட்டால் கொடுக்க மாட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா